எந்தப் புத்தகம் வாங்குவது, ஃபாதர்?

அமெரிக்க நாட்டில் குடியேறி வாழும் நம் உறவினரின் பிள்ளைகள் மருத்துவம் பயில விரும்பினால், நம் நாட்டில் போலப் பள்ளியிறுதி வகுப்பை முடித்த கையோடு மருத்துவக் கல்லூரியின் வாயிலில் போய் நிற்க இயலாது. முதலில் நான்கு ஆண்டுகள் பயின்று ஓர் இளங்கலைப் பட்டம் பெறவேண்டும். மருத்துவக் கல்லூரி அதற்குப் பின்னரே. இவ்விரண்டுக்கும் நடுவில், மலைகளுக்கு இடையே கணவாய் போல, எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வு அமைந்திருக்கிறது. அதன் நான்கு பகுதிகளுள் மூன்று, வேதியியல், இயற்பியல், உயிரியல், உளவியல், சமூகவியல் ஆகியவற்றைப் பற்றியவை. எஞ்சிய ஒன்றோ எப்பாடத்தையும் பற்றியதன்று. அது வாசிப்பைச் சோதிப்பது. நம் நாட்டு நீட் தேர்வில் இத்தகைய பகுதி இல்லாமையால், மருத்துவனாக வேண்டியவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்றா சோதிப்பார்கள் என வாசகர்கள் வியக்கலாம். ஒகையோ மாநிலத்திலுள்ள இப்பங்கிற்கு நான் வந்த புதிதில் எனக்கும் அவ்வியப்பு இருந்தது.

இத்தேர்வின் முதல் வடிவம் 1928ஆம் ஆண்டில் தோன்றியது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின் இடைவழியில் படிப்பைக் கைவிட்ட மாணவரின் தொகை அக்காலத்தில் சில கல்லூரிகளில் நூற்றுக்கு ஐம்பதை எட்டியதே அதற்குக் காரணம். பின்னர்ப் பலமுறை உருமாறி, 2007இல் முற்றிலும் கணினிக்கு வந்து, 2015இல் இன்றைய அமைப்பைப் பெற்றது. இதனை நடத்துவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம்.

வாசிப்புப் பகுதியில் ஒன்பது உரைப்பகுதிகள் தரப்படும். ஒவ்வொன்றும் 500 முதல் 600 சொற்கள் வரை நீளும். பாதி தத்துவம், இசை, கட்டடக் கலை, இலக்கியம், சமயம் முதலிய துறைகளிலிருந்தும், பாதி வரலாறு, பொருளாதாரம், மானிடவியல் முதலியவற்றிலிருந்தும் எடுக்கப்படும். மொத்தம் 53 வினாக்கள், 90 நிமிடங்கள். அஃதாவது, ஓர் உரைப்பகுதியை வாசித்து, அதன்மேல் எழும் ஐந்தாறு வினாக்களுக்கும் விடை தரப் பத்தே நிமிடங்கள். புறத்தேயிருந்து எந்த அறிவும் வேண்டியதில்லை. விடைக்கு வேண்டிய அனைத்தும் உரைப்பகுதிக்குள்ளேயே உண்டு என்று தேர்வாளர்களே கூறுகிறார்கள். மதிப்பெண் 118இல் தொடங்கி 132இல் முடியும். கனடா நாட்டின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, நெடுங்காலம் நான்கு பகுதிகளுள் இந்த ஒன்றின் மதிப்பெண்ணை மட்டுமே கேட்டு வாங்கியது. அவ்வளவு மதிப்பு இதற்கு!

எங்கள் பங்கில் தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. குமரி மாவட்டத்துக்காரர்கள். தந்தை ஒரு பெரும் பண்டகசாலையில் வேலை பார்க்கிறார். தாய் முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி செய்கிறார். மூத்த மகள் இத்தேர்வை இருமுறை எழுதிவிட்டாள். மற்ற மூன்று பகுதிகளில் எதிலும் 128க்குக் குறையவில்லை. வாசிப்பில் மட்டும் முதன்முறை 121, மறுமுறை 122. விரும்பும்போதெல்லாம் எழுதிப் பார்க்கக்கூடிய தேர்வும் அன்று இது. ஓராண்டில் மூன்று முறை, தொடரும் ஈராண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பு உண்டு. எழுதியவற்றின் மதிப்பெண்களையெல்லாம் கல்லூரிகள் காண்கின்றன.

அவள் அறையில் வழிகாட்டி நூல்கள் பதினொன்று இருந்தன. அவற்றுள் ஒன்று சென்னையிலிருந்து தாய்மாமன் அனுப்பிய தடித்த ஆங்கிலச் சொற்களஞ்சியம். பெண்ணின் தாய் என்னிடம் கேட்டார்: "ஃபாதர், நீங்கள் நிறைய வாசிப்பவர்கள். இன்னும் எந்தப் புத்தகம் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். கூடுதல் நேரம் வேலை பார்த்தாவது வாங்கிவிடுகிறேன்." சற்றுக் குரலைத் தாழ்த்தி மேலும் சொன்னார்: "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டோம், ஃபாதர். தமிழால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் ஓடவில்லை என்று ஒருவர் சொன்னார்." எத்தனை மாதங்கள் ஆயின என்று கேட்டேன். ஏழு என்றார். அவ்வம்மையாரின் ஆங்கிலம் மருந்து வேளை சொல்லவும் கடைக்குப் போய்வரவும் போதுமானது. மகளோடு மனம்விட்டுப் பேசப் போதாது. ஏழு மாதங்களாக அவ்வீட்டில் தாயும் மகளும் எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

நம் ஊரில் படித்த எவருக்கும் கோனார் உரை தெரியாமல் இராது. பாடம் இன்னதென்று முன்னரே தெரிந்திருந்ததால் அதற்கு உரை எழுத முடிந்தது. இங்கோ எந்த உரைப்பகுதி வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஒருமுறை வந்தது மறுமுறை வரும் என்று நம்பியிருக்கவும் இடமில்லை. ஆகவே, இப்பகுதிக்கு நாம் அறிந்த பொருளில் 'நோட்ஸ்' என்பதே இருக்க முடியாது. ஆயினும் கடைகளில் அந்நூல்களுக்குக் குறைவில்லை. கலங்கியிருக்கும் மாணவனுக்கு, ஒரு நூலை வாங்கிய அன்றைக்கே பாதி படித்துவிட்டது போன்ற ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலுக்குத்தான் பெரும்பாலும் விலை கொடுக்கிறோம்.

நூல்களைத் தொடுமுன், அவள் இறுதியாக எழுதிப் பார்த்த ஒரு மாதிரித் தேர்வைக் கொண்டுவரச் சொன்னேன். 53 வினாக்களில் 22 தவறு. இரண்டு மாலைப் பொழுதுகள் பங்கு இல்லத்தின் மேசையில் அமர்ந்து அவ்விருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'ஏன் தவறு?' என்று கேட்கவில்லை. 'இதை ஏன் தேர்ந்துகொண்டாய்?' என்றுதான் கேட்டேன். முடிவில், நேரம் போதாமல் தவறியவை நான்கு. நூலாசிரியர் பிறருடையதென எடுத்துரைத்த கருத்தை அவருடையதென்றே கொண்டதால் தவறியவை ஆறு. மீதி பன்னிரண்டும் ஒரே வகை: விடை உலகத்தில் உண்மை, ஆனால் உரைப்பகுதியில் இல்லை. ஆங்கிலச் சொல் ஒன்று விளங்காமல் தவறியது ஒன்றுகூட இல்லை.

வாசகர்களுக்கு விளங்கும்பொருட்டு, அவளுக்கு நான் எழுதிக் காட்டிய சிறு மாதிரி ஒன்றைத் தருகிறேன். 'ஆலைக் கடிகாரமே மனிதனுக்கு நேரத்தைக் கற்பித்தது என்பர் பலர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், ஆலைச் சங்கு ஒலிப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே துறவற மடங்களின் மணி, பகலையும் இரவையும் பகுத்துவிட்டது. ஆலை புதிதாக ஒன்றையும் கற்பிக்கவில்லை. பழகிப்போன ஒன்றுக்கு விலை வைத்தது.' இதனை எழுதியவர் எக்கூற்றை ஏற்பார் என்பது வினா. நான்கு விடைகள். இயந்திரக் கடிகாரம் ஐரோப்பாவில் இடைக்காலத்தில் தோன்றியது என்பது முதலாவது. நேர உணர்வு ஆலையில்தான் தொடங்கியது என்பது இரண்டாவது. ஆலைகளால் நேரத்தைப் பற்றிய மனிதரின் எண்ணத்தில் எவ்வித மாற்றமும் நேரவில்லை என்பது மூன்றாவது. ஆலை தனக்கு முன்பே இருந்த ஒரு பழக்கத்தைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பது நான்காவது.

அவள் முதலாவதைத் தொட்டாள். "அது உண்மைதானே, ஃபாதர்?" என்றாள்.

"உண்மைதான், மகளே. அவர் அதைச் சொல்லவில்லையே!" என்றேன்.

இரண்டாவது, அவர் மறுக்க எடுத்துக்கொண்ட பிறர் கருத்து. மூன்றாவது, அவர் சொன்னதைவிட மிகுதியாகச் சொல்வது. 'எவ்வித', 'ஒருபோதும்', 'மட்டுமே' போன்ற சொற்கள் வந்தால் இருமுறை பார்க்கவேண்டும். நான்காவது, பார்ப்பதற்குச் சுவையற்றது. ஆயினும் அதுவே விடை. அறிவியலில் தேர்ந்த மாணவர்கள் பலர் இவ்விடத்தில் இடறுவது ஏனென்று அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று. மற்ற மூன்று பகுதிகளிலும் 'எனக்குத் தெரியும்' என்பது துணை செய்கிறது. இங்கே அதுவே குறுக்கே நிற்கிறது. நோயாளி ஒருவர் தம் வலியைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அவர் சொல்லி முடிக்குமுன் நமக்குத் தெரிந்த நோயொன்றை அவர் வாயில் வைத்துவிடுவதும் இதே குணந்தான். இத்தேர்வை அமைத்தவர்கள் வீணாக அமைக்கவில்லை.

குருமடத்தில் நாங்கள் புனித தாமஸ் அக்குவினாஸின் பேரிறையியல் நூலைப் பயின்றோம். இலத்தீனில் அதன் பெயர் 'சும்மா' என்று தொடங்கும். ஆனால் சும்மா படித்துவிடக்கூடிய நூலன்று. அதில் ஒவ்வொரு பொருளையும் எதிர்க்கட்சியாரின் வாதங்களோடுதான் அவர் தொடங்குவார். அவ்வாதங்களை இளைத்தவையாக்காமல், உரிய வலிவோடு நிறுத்துவார். அதன்பின் எதிர்ச்சான்று ஒன்று. பிறகே தம் விடை. கடவுள் உண்டோ என்னும் பகுதிகூட, இல்லை என்று தோன்றுகிறது எனத் தொடங்கும் வாதத்தோடுதான் திறக்கிறது. முதற்பத்தியை மட்டும் வாசித்தவன், தாமஸ் நாத்திகர் என்று மேற்கோள் காட்டலாம்! யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டே வாசிக்கும் பழக்கத்தை எங்கள் பேராசிரியர் இந்நூலைக் கொண்டுதான் ஊட்டினார். இத்தேர்வின் நூல்களைப் புரட்டியபோது, அறுநூறு சொல்லுக்குள் அதே பயிற்சி அடங்கியிருப்பதைக் கண்டேன்.

நூல்களை மூன்று வாரங்கள் வாசித்தேன். பங்கு அலுவலகச் செயலர், நான் மருத்துவம் படிக்கப் போகிறேனோ என்று கேட்டுச் சிரித்தார். கடைகளில் பெரிதும் காணப்படுபவை மூன்று நிறுவனங்களின் நூல்கள். கப்லான் என்பது 1938இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் ஆசிரியர் தொடங்கிய தனிப்பயிற்சியிலிருந்து வளர்ந்தது. பிரின்ஸ்டன் ரிவ்யூ 1981இல் தொடங்கியது. பெயரைக் கண்டு மயங்க வேண்டா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எக்ஸாம்கிராக்கர்ஸ் நூல் இவற்றினும் மெலிந்தது. கப்லான் நூலில் தருக்கவியலுக்கென ஓர் அதிகாரமே உண்டு. குருமட நாட்களை எண்ணி மகிழ்ந்து வாசித்தேன். ஆயினும் தேர்வில் கைகொடுப்பது அவ்விதிகளைவிட உரைப்பகுதியை உற்றுநோக்கும் பொறுமைதான் என்பது என் எண்ணம். எக்ஸாம்கிராக்கர்ஸ் நூல், உரைப்பகுதியைப் பாராமல் வினாக்களையும் விடைகளையும் மட்டும் பார்த்து ஆசிரியரின் போக்கை ஊகிக்கச் செய்யும் ஒரு பயிற்சியைத் தருகிறது. தேர்வில் அப்படிச் செய்ய அன்று. வினாவுக்குள்ளேயே எவ்வளவு செய்தி இருக்கிறது என்று காட்டவே. அது எனக்குப் பிடித்திருந்தது.

நூல்களுக்குள் ஒற்றுமை இல்லை. வினாக்களை முதலில் பார் என்று ஒன்று சொல்லும். பாராதே என்று மற்றொன்று சொல்லும். பத்திக்கு ஒரு வரி குறித்துக்கொள் என்பார் ஒருவர். எழுதுகோலையே தொடாதே என்பார் மற்றொருவர். இவற்றுள் எது சரி என்பதைவிட, பதினொரு நூல் வாங்கியவள் பதினொரு முறைகளை அரைகுறையாகக் கற்றாள் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஏதேனும் ஒரு முறையை ஆறு வாரமாவது விடாமல் பின்பற்றிப் பார்த்தாலன்றி அது தனக்குப் பொருந்துமா என்பது தெரியாது.

ஒரு நூலைக் கடையில் வைத்தே எடைபோட எளிய வழியொன்று உண்டு. முன்னுரையை விட்டுவிட்டு, பின்னாலுள்ள விடை விளக்கங்களைத் திறந்து பார்க்கவேண்டும். சரியான விடை ஏன் சரி என்பதோடு, தவறான மூன்றும் ஏன் தவறு என்பதை உரைப்பகுதியின் வரியைச் சுட்டிச் சொல்கிறதா? அவள் வைத்திருந்தவற்றுள் ஒரு நூல் (பெயர் வேண்டா), 'பகுதியை மீண்டும் வாசித்தால் விடை இரண்டே என்பது விளங்கும்' என்ற ஒற்றை வரியோடு பல இடங்களில் நின்றுவிட்டது. வாசித்தால் விளங்குமென்றால் நூலெதற்கு? இன்னொன்று: விடைக்குப் புறவறிவு வேண்டும்படி வினா அமைந்திருந்தால், அந்நூலை மூடிவிடலாம். தேர்வில் இல்லாத ஒரு கெட்ட பழக்கத்தை அது கற்பிக்கும்.

தேர்வை நடத்தும் சங்கமே வெளியிடும் வினாத் தொகுதிகள் இருக்கின்றன. வாசிப்புப் பகுதிக்கென இரண்டு. ஒவ்வொன்றிலும் 120 வினாக்கள். முழுநீள மாதிரித் தேர்வுகளும் உண்டு. அவற்றுள் இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. தேர்வாளரின் மனப்போக்கு இவற்றில்தான் உள்ளபடி தெரியும். பிறர் எழுதியவை எவ்வளவு திறமையாக எழுதப்பட்டாலும் போலிகளே. எனவே இவற்றைத் தொடக்கத்திலேயே தின்று தீர்த்துவிடலாகாது. பஞ்சத்துக்கு வைத்த நெல் போலக் கடைசிவரை பூட்டி வைக்கவும் ஆகாது. முதலில் சிலவற்றைச் செய்து தேர்வின் சுவையறிந்து, பிறர் நூலில் பழகி, இறுதி இரு மாதங்களுக்குப் பெரும்பகுதியை வைத்துக்கொள்வது நன்று. வருமானம் குறைந்த குடும்பத்தினர்க்கு அச்சங்கம் கட்டணச் சலுகைத் திட்டம் ஒன்று நடத்துகிறது. தகுதி பெற்றவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் குறைவதோடு, இப்பயிற்சிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இத்தாய்க்கு அதனைப் பற்றி எவரும் சொல்லியிருக்கவில்லை. கூடுதல் நேரம் வேலை பார்ப்பதற்குமுன் அந்த விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னேன்.

பழைய நூற்கடைகளில் 2015க்கு முற்பட்ட நூல்கள் மலிவாகக் கிடைக்கும். அக்காலத்து வாசிப்புத் தேர்வு வேறு அளவினது; அறிவியல் உரைப்பகுதிகளும் அதில் இருந்தன. கால அளவுக்கு அவற்றை நம்பலாகாது; கூர்ந்து வாசித்துப் பழகுவதற்குக் குறையொன்றுமில்லை. சொற்களஞ்சியத்தைப் பொறுத்தவரை, இத்தேர்வு சொற்பொருளையோ இலக்கணத்தையோ தனியே கேட்பதில்லை. அன்பு மிகுதியால் இங்கிருக்கும் மருமக்களுக்கு அகராதிகளை அஞ்சலில் அனுப்பும் மாமன்மார், அஞ்சற்கட்டணத்தை மிச்சப்படுத்தலாம்.

இனி, தமிழைப் பற்றி. தாயையும் மகளையும் ஒருசேர அமர்த்தி அத்தேர்வுத் தாளைக் காட்டினேன். தவறிய இருபத்திரண்டில் ஆங்கிலம் தெரியாமையால் தவறியது ஒன்றுமில்லை என்று தாய்க்குத் தமிழில் விளக்கினேன். பிறகு மகளிடம் கேட்டேன்: "ஊரிலிருந்து உன் பாட்டி தொலைபேசியில், 'பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தை விற்றுவிட்டாராம்' என்கிறாள். விற்றதைப் பாட்டி பார்த்தாளா?"

"இல்லை, ஃபாதர். யாரோ சொல்லியிருப்பார்கள்."

"எப்படித் தெரிந்தது?"

சற்று எண்ணிப் பார்த்து, "ஆம் என்று முடிகிறதே" என்றாள்.

ஆங்கிலத்தில் இந்த 'ஆம்' வினைச்சொல்லோடு ஒட்டி வருவதில்லை. பிறர் கருத்து இதுவென்று முதல் வாக்கியத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த நான்கு வாக்கியங்களை எந்த அடையாளமுமின்றி எழுதிச் செல்வது அம்மொழியின் கட்டுரையாளர்க்கு வழக்கம். வாசிப்பவன்தான் அந்நூலைப் பற்றிக்கொண்டு செல்லவேண்டும். ஆகவே அவளுக்கு ஒரு பயிற்சி சொன்னேன். உரைப்பகுதியை ஆங்கிலத்தில் வாசி. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், இது ஆசிரியரின் சொந்தக் கூற்றா, பிறருடையதா என்று பார். பிறருடையதாயின் மனத்துக்குள் ஓர் 'ஆம்' சேர்த்துக்கொள். ஆலைக் கடிகாரம் நேரத்தைக் கற்பித்ததாம். மடத்து மணி முன்னரே பகுத்துவிட்டது. எது 'ஆம்', எது 'ஆம்' இல்லாதது என்று அவளுக்கு உடனே காதில் விழுந்தது. ஆறு தவறுகளுக்கு இது மருந்து. மற்ற பன்னிரண்டுக்கு, விடையைத் தொடுமுன் அதைத் தாங்கும் வரியின்மேல் விரலை வைக்கவேண்டும் என்பதே விதி. விரல் வைக்க வரி இல்லையேல், எத்துணை உண்மையாயினும் அது விடையன்று.

பதினொன்றில் மூன்றை வைத்துக்கொண்டாள். மெலிந்த முறைநூல் ஒன்று. விடை விளக்கங்கள் நன்கமைந்த பயிற்சிநூல்கள் இரண்டு. சங்கத்தின் தொகுதிகள் சலுகைத் திட்டத்தின் வழியே வந்தன. காலையில் தாய் பணியிலிருந்து திரும்பியதும், சமையலறையில் ஓர் உரைப்பகுதியை மகள் வாசித்து, அதன் சாரத்தைத் தமிழில் சொல்கிறாள். கட்டடக் கலையைப் பற்றியும் நாட்டுப்புற இசையைப் பற்றியும் அவ்வம்மையார் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. ஆயினும், "இதைச் சொன்னது அவரா, அவர் ஏசுகிற ஆளா?" என்று தவறாமல் கேட்கிறாராம், மகள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். மூன்றாம் தேர்வு வரும் செப்டெம்பரில். சென்ற வாரம் எழுதிய மாதிரித் தேர்வில் பன்னிரண்டு தவறு. அவற்றுள் ஐந்து நேரம் போதாமையால். இனி அதைத்தான் பார்க்கவேண்டும்.

மீதமிருந்த நூல்களுள் ஏழு, நகர நூலகத்தின் விற்பனை மேசைக்குப் போய்விட்டன. சொற்களஞ்சியத்தைத் தாய் தர மறுத்துவிட்டார். அண்ணன் அனுப்பியதாம்.